ஆதிமனிதன் என்றொரு புனைவு: பாறை ஓவியங்களும் சான் மக்களின் சொற்களும்

சில மாதங்களுக்கு முன் நண்பர்கள் கூட்டம் ஒன்றில் பாறை ஓவியங்கள் பற்றித் திரையில் படம் போட்டுக் காட்டினார்கள். லாஸ்கோ, அல்தமிரா, பிம்பேட்கா என்று எருதும் மானும் வந்துபோய்க்கொண்டிருந்தன. விளக்கியவர் நன்றாகப் படித்தவர்தான். ஆனால் அவருடைய வாக்கியங்களில் எழுவாய் மட்டும் மாறவே இல்லை. ஆதிமனிதன் வேட்டைக்குப் போவதற்கு முன்னால் வரைந்து பார்த்தான். ஆதிமனிதன் இயற்கையைக் கண்டு அஞ்சினான். ஆதிமனிதன் தன் உணர்ச்சிகளை இப்படி வெளிப்படுத்தினான். கடைசியில் பின்வரிசையிலிருந்து ஒரு தோழர் எழுந்து, "இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது?" என்றார். அவர் கிண்டல் பண்ணவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கூட்டம் சிரித்துவிட்டது, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

எனக்கு அந்தக் கேள்வி விட்டுப் போகவில்லை. யார் சொன்னது? இன்னொன்றும் உறுத்தியது. தமிழில் ஆதிமனிதனுக்கு மரியாதைப் பன்மை கிடையாது, பெண்பாலும் கிடையாது. எப்போதும் 'அவன்'தான். ஒருமை, ஆண்பால், இறந்தகாலம். இலக்கண விஷயம் என்று இதை விட்டுவிட முடியுமா?

வேட்டைக்கு முன்னால் வரைந்தான் என்ற கதைக்கு ஒரு பிறந்ததேதி உண்டு. 1879-இல் ஸ்பெயினில் சவுத்துவோலா என்ற நிலக்கிழாரின் சின்ன மகள் மரியா அல்தமிராக் குகையின் கூரையில் எருதுகளைப் பார்த்தாள். காட்டுமிராண்டிகளுக்கு இந்தக் கைவராது என்று ஐரோப்பிய அறிஞர்கள் இருபது வருஷத்துக்கு மேல் அதை நம்பவில்லை. (அதற்கும் முன்பே, 1867-68-இல், நம் நாட்டின் மிர்ஸாப்பூர்ப் பகுதியில் கார்லைல் என்ற தொல்லியல் அலுவலர் பாறை ஓவியங்களைப் பார்த்திருந்தார். பக்கத்திலேயே தேய்ந்த காவிக்கட்டிகளும் சிறு கற்கருவிகளும் கிடந்ததைக் கவனித்து, இவை மிகப் பழையவை என்றும் ஊகித்தார். அவருடைய குறிப்புகள் அச்சானது 1906-இல். அது தனிக்கதை.) 1902-இல் கார்த்தையாக் என்ற பிரெஞ்சு அறிஞர் தன் தவறை ஒப்புக்கொண்டு எழுதினார். ஓவியங்கள் பழையவை என்று முடிவாகிவிட்டது. அடுத்த கேள்வி, ஏன் வரைந்தார்கள்? 1903-இல் ஸலமோன் ரைனாக் பதில் சொன்னார்: வேட்டை மந்திரம்.

ரைனாக்குக்கு இதைச் சொன்னது குகை அல்ல. ஸ்பென்சரும் கில்லனும் 1899-இல் வெளியிட்ட மத்திய ஆஸ்திரேலிய இனவரைவியல் நூல். அரண்டா மக்கள் தம் குலக்குறி விலங்குகள் பெருகுவதற்காகச் செய்த சடங்குகளை அவர் அதில் படித்தார், அப்படியே எடுத்துப் பிரான்சின் குகைக்குள் வைத்தார். அந்த அரண்டா மக்கள் ரைனாக்கின் சமகாலத்தவர்கள். அவர் எழுதிக்கொண்டிருந்த அதே வருஷங்களில் அவர்களுடைய நிலத்தில் மாட்டுப்பண்ணைகள் வந்துகொண்டிருந்தன. ஆனால் அவர்கள் 1903-இல் வாழ்வதாக ரைனாக்குக்குப் படவில்லை, பல்லாயிரம் வருஷத்துக்கு முன்னால் வாழ்வதாகப் பட்டது. யோகான்னஸ் ஃபாபியன் 1983-இல் எழுதிய நூலில் இந்த வேலைக்குச் சமகாலத்தன்மையை மறுத்தல் என்று பெயர் வைத்தார். உயிரோடு எதிரே நிற்பவரை இறந்தகாலத்துக்கு அனுப்பிவிடுவது. அனுப்பியபின் அவருடைய நிலம் காலிமனை.

பிறகு 1960-களில் லெருவா-குர்ஹான் வந்தார். பாரிஸில் அமைப்பியல் கொடிகட்டிப் பறந்த காலம் அது. குகைகளும் அமைப்பியல் பேச ஆரம்பித்தன. குதிரை ஒரு பால், காட்டெருமை இன்னொரு பால், குகை முழுக்க இருமை எதிர்வுகள். அவர் எண்ணிக் கணக்கெடுத்து வைத்தது பின்னால் வந்தவர்களுக்கு உதவியது என்பதோடு நாம் நகரலாம். இவர்களில் யாருக்கும் வரைந்தவரோ வரைந்தவரின் பேரப்பிள்ளையோ எதிரே உட்கார்ந்து பதில் சொல்லவில்லை.

அப்படி உட்கார்ந்து பதில் சொன்ன ஓர் இடம் உண்டு. அதனால்தான் இந்தக் கட்டுரை தென்னாப்பிரிக்காவுக்குப் போகிறது.

*

1873-இன் கடைசி. நத்தால் ஆங்கிலேய அரசுக்கு அடங்க மறுத்த ஹ்லுபி மக்களின் தலைவர் லங்கலிபலேலே மலோட்டி மலைகளுக்குள் தப்பிப் போகிறார். இன்றைய லெசோத்தோவின் மலைகள் அவை. அவரைத் தேடிப் படையோடு போனவர்களில் ஒருவர் ஜோசப் ஓர்ப்பன் என்ற அதிகாரி. மலை தெரிந்த வழிகாட்டி ஒருவர் வேண்டியிருந்தது. கிங் என்ற சான் இளைஞர் கிடைத்தார். (பெயரின் முதல் ஒலி நாக்கைச் சொடுக்கி எழுப்புவது. நம் எழுத்தில் அதற்கு இடமில்லை, இந்தக் கட்டுரையில் வரும் பெயர்களெல்லாம் அப்படி ஓர் ஒலி குறைந்தே வருகின்றன.) மலோட்டியில் எஞ்சியிருந்த தன் கூட்டம் அழிக்கப்பட்டபோது தப்பியவர் கிங். பிறகு மொரோசி என்ற பூத்தித் தலைவரின் மகனிடம் வேட்டைக்காரராக இருந்தார். அதற்குமுன் அவர் வெள்ளைக்காரர்களைப் பார்த்ததே சண்டையில்தான் என்கிறார் ஓர்ப்பன்.

காட்சியை மனசில் வையுங்கள். ஒரு தலைவரைப் பிடிக்கப் போகிற படை. ராத்திரி நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து புகைபிடிக்கிறார்கள். போகிற வழியில் பார்த்த பாறை ஓவியங்களைப் பற்றி அதிகாரி கேட்க, அழிந்துபோன கூட்டத்தில் மிஞ்சியவர் பதில் சொல்கிறார். அவர் சொல்வது ஒரு மொழியிலிருந்து இன்னொன்றாகி ஆங்கிலத்தில் குறிப்பேட்டுக்குள் போகிறது. பாறை ஓவியத்தைப் பற்றி அந்த மரபுக்குள்ளிருந்து நமக்குக் கிடைத்த முதல் சொற்கள் இவை. 1874-இல் கேப்டவுனில் ஒரு மாத இதழில் வெளியாயின.

மெலிகானே என்ற இடத்தில் மான்தலையோடு நிற்கும் மனித உருவங்கள் உண்டு. அவர்கள் யார் என்று ஓர்ப்பன் கேட்டார். இறந்துபோனவர்கள், இப்போது ஆறுகளுக்குள் வாழ்கிறவர்கள், எலாண்டுகள் கெட்டுப்போன அதே சமயத்தில் தாங்களும் கெட்டுப்போனவர்கள், நீங்கள் படத்தில் பார்த்த ஆட்டங்களால் அப்படி ஆனவர்கள் என்ற பொருளில் கிங் பதில் சொன்னார். எலாண்ட் என்பது மானினத்திலேயே மிகப் பெரியது. வளர்ந்த ஆண் அரை டன்னுக்கு மேல் இருக்கும். உலகத்தைப் படைத்த காகன் எங்கே இருக்கிறார் என்று கேட்டதற்கு, எங்களுக்குத் தெரியாது, எலாண்டுகளுக்குத் தெரியும் என்றார். வேறு சில கேள்விகளுக்கு, அந்த ஆட்டத்துக்குள் சேர்த்துக்கொள்ளப்பட்டவர்களுக்கு மட்டுமே தெரியும் என்று நிறுத்திக்கொண்டார்.

ஓர்ப்பன் படியெடுத்த ஓவியங்கள் கேப்டவுனுக்கு வந்தன. அங்கே வில்ஹெல்ம் பிளீக் என்ற ஜெர்மானிய மொழியறிஞரும் அவருடைய மைத்துனி லூசி லாய்டும் வேறொரு வேலையில் இருந்தார்கள். 1870-இல் கேப்டவுன் துறைமுகத்தில் அலைதாங்கிச் சுவர் கட்டுகிற கைதிகள் நடுவே க்ஸாம் மொழி பேசும் சான் ஆட்கள் 28 பேர் இருப்பது பிளீக்குக்குத் தெரியவந்தது. பலரும் ஆடு மாடு திருடியதற்காகப் பிடிபட்டவர்கள். அவர்கள் வேட்டையாடிய நிலம் பண்ணைகளாகி, நீர்நிலைகளுக்கு வேலி போட்டபின் வேறு என்ன செய்வது? பிளீக் அரசாங்கத்திடம் கேட்டுச் சிலரைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். மொழியும் கதைகளும் எழுதப்பட்டன. 1875-இல் பிளீக் இறந்தபின் லூசி லாய்ட் தனியாகத் தொடர்ந்தார். மொத்தம் ஏறத்தாழ 12,000 பக்கங்கள். அதில் பெரும்பங்கு லாய்டின் கையெழுத்து. ஆனால் நாம் பிளீக் தொகுப்பு என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

அந்த வீட்டுக்கு வந்தவர்களில் மூத்தவர் கப்போ. பெயருக்குக் கனவு என்று பொருள். தண்டனைக்காலம் முடிந்த பிறகும் அவர் அங்கே தங்கினார். தன் மக்களின் கதைகள் புத்தகங்கள் வழியாகத் தெரியவரட்டும் என்று நினைத்தார். ஒரு துப்பாக்கி தருவதாகச் சொல்லியிருந்ததும் ஒரு காரணம். பசியில்லாமல் இருக்கத் துப்பாக்கி வேண்டும். 1873-இல் ஊருக்குப் போனார், 1876 ஜனவரியில் இறந்துபோனார். அவர் சொன்ன ஒரு விஷயத்தை எழுதுகிறவர்கள் கவனிக்கவேண்டும். உடம்பில் ஓரிடத்தில் துடிப்பு ஏற்பட்டால் யார் வருகிறார், எந்த மான் எந்தப் பக்கம் வருகிறது என்று அவர்களுக்குத் தெரியும். அந்தத் துடிப்புகளை வெள்ளைக்காரர் எழுதும் கடிதங்களோடு வைத்துச் சொன்னார் கப்போ, தங்கள் கடிதங்கள் உடம்பில் இருக்கின்றன என்று. எழுத்தில்லாத சமூகம் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிட்டுப் போகிற ஒரு சமூகத்தின் ஆள் எழுத்தைப் பற்றி வைத்திருந்த கோட்பாடு இது.

ஓர்ப்பனின் படிகளைப் பிளீக் இன்னொரு க்ஸாம் ஆளான திஆக்வைனிடம் காட்டினார். செஹொங்ஹொங் என்ற இடத்தின் ஓவியம் ஒன்றில் பெரிய விலங்கு ஒன்றைக் கயிறு போட்டு ஆட்கள் நடத்திப்போகிறார்கள். அது பாம்பு, ஆட்கள் தண்ணீருக்கடியில் இருக்கிறார்கள் என்று கிங் சொல்லியிருந்தார். திஆக்வைன் வேறு மாதிரி சொன்னார். அது மழை விலங்கு, அதை வறண்ட நிலத்தின் மேல் இழுத்துப்போய்க் கொல்வார்கள், அப்போது மழை பெய்யும். இரண்டு பேருமே அந்த உலகத்தின் ஆட்கள்தான். ஒரே ஓவியத்துக்கு இரண்டு வாசிப்பு. ஆனால் நம் விளக்கவுரைகளில் ஆதிமனிதன் ஒருபோதும் தனக்குள் கருத்து வேறுபடுவதில்லை, கவனித்தீர்களா? அவன் ஒரே ஆள். ஒரே நோக்கத்தோடு வரைகிறான்.

இந்தச் சொற்கள் 1874-இலேயே அச்சில் இருந்தன. அதற்குப்பின் நூறு வருஷம் ஏறக்குறைய யாரும் அவற்றைத் தீவிரமாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் விசித்திரம். அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். நமீபியாவின் பிராண்ட்பெர்க் மலையில் 1918-இல் ராய்ன்ஹார்ட் மாக் என்ற ஜெர்மானியர் ஓர் ஓவியத்தைக் கண்டார். வில் வைத்துக்கொண்டு நடக்கும் உருவம், இடுப்புக்குக் கீழே வெள்ளை நிறம். பிரெஞ்சுக் குகைகளின் தலைமைக் குருவாக இருந்த ஆபே புரூய் இதன் பிரதியைப் பார்த்துவிட்டுப் பரவசமானார். இது ஆப்பிரிக்க உருவமே அல்ல, மத்தியதரைக்கடல் பக்கத்து வெள்ளைப் பெண் என்றார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஸ்மட்ஸ் அரசாங்கத்தின் ஆதரவில் தென்னாப்பிரிக்காவில் இருந்தார். 1947-இல் நேரில் போய்ப் பார்த்தார், 1955-இல் பிராண்ட்பெர்க்கின் வெள்ளைப் பெண்மணி என்று நூலே போட்டார். உருவம் ஆண், வெள்ளை என்பது உடம்பில் பூசிய வண்ணம். பெண்ணுமில்லை, வெள்ளையுமில்லை. ஆனாலும் சுற்றுலாப் பிரசுரங்களில் அந்தப் பெயர் இன்னும் போகவில்லை. கறுப்பின மக்கள் கட்டிய பெரிய ஜிம்பாப்வேயை யாரோ வெளியாட்கள் கட்டினார்கள் என்று எழுதிய அதே கைதான். அழகாயிருந்தால் அது இவர்களுடையதாக இருக்க முடியாது.

*

1970-களில் நிலைமை மாறியது. பட்ரிஷியா வின்னிகோம்ப் டிராகன்ஸ்பெர்க் மலைகளில் வருஷக்கணக்கில் அலைந்து ஓவியங்களை ஒவ்வொன்றாக எண்ணினார். 1976-இல் வந்த அவருடைய நூல் எலாண்டின் மக்கள் என்று அவர்களை அழைத்தது. எண்ணியதில் தெரிந்த விஷயம், வேட்டை மந்திரக் கதையை ஒரே அடியில் சாய்த்தது. அந்த மலைகளில் மற்ற விலங்குகளைவிட எலாண்டே பேரளவில் வரையப்பட்டிருக்கிறது. ஆனால் ஒதுங்கியிருந்த இடங்களின் குப்பையில் கிடைக்கிற எலும்புகளில் சின்ன மான்கள்தான் நிறைய. தின்றது ஒன்று, வரைந்தது இன்னொன்று. அதற்கும் மேலே, கலஹாரியில் 1960-களில் ரிச்சர்ட் லீ நிறுத்து அளந்து பார்த்தபோது, ஜுன்ஹோவான்சி மக்களின் உணவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தாவர உணவு என்று தெரிந்தது. அதைச் சேகரித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். கிழங்கையும் கொட்டையையும் யாரும் வரையவில்லை. ஓவியத்தைப் பார்த்து வாழ்க்கையை எழுதினால் பெண்கள் சோறுபோட்டது அழிந்துபோகும். அந்தத் திரையில் ஓடிய 'அவன்' இப்படித்தான் உருவானான்.

அப்புறம் எலாண்ட் எதற்கு? டேவிட் லூயிஸ்-வில்லியம்ஸ் 1981-இல் எழுதிய நூலில் அதற்கு வலுவான பதில் இருக்கிறது. பையன் முதன்முதலாகப் பெரிய வேட்டை கொன்றால் எலாண்ட், பெண் வயசுக்கு வந்தால் எலாண்ட் ஆட்டம், கல்யாணத்தில் எலாண்டுக் கொழுப்பு. வாழ்க்கையின் ஒவ்வொரு வாசற்படியிலும் அந்த விலங்கு நிற்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே வைத்தியரின் ஆட்டம். பெண்கள் கைதட்டிப் பாட, ஆண்கள் சுற்றிச் சுற்றி ஆட, சிலருக்குச் சன்னதம் வரும். மூக்கில் ரத்தம் வடியும், உடம்பு முன்னால் வளையும், கீழே விழுவார்கள். அதை அவர்கள் சாவு என்றே சொல்கிறார்கள். நம் ஊர்களில் சாமியாட்டம் பார்த்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள மெனக்கெட வேண்டியதில்லை. கம்பெர்க் பக்கத்தில் கேம் பாஸ் என்ற பாறை ஒதுக்கில் ஓர் எலாண்ட் தலை தாழ்ந்து, பின்கால்கள் பின்னிக்கொண்டு சாகிறது. அதன் வாலைப் பிடித்திருக்கிற மனிதனின் கால்களும் அதேபோல் பின்னியிருக்கின்றன, பாதம் குளம்பாகியிருக்கிறது. விலங்கின் சாவும் வைத்தியரின் 'சாவும்' ஒன்றுக்கொன்று உருவகம். கிங் சொன்ன இறந்தவர்கள், ஆற்றுக்குள் இருப்பவர்கள், கெட்டுப்போனவர்கள் எல்லோரும் சன்னதத்தில் போனவர்கள் என்றார் லூயிஸ்-வில்லியம்ஸ்.

இது பெரிய சாதனை. இனவாத அரசின் பள்ளிப்புத்தகங்கள் சான் மக்களைக் குழந்தைகளாகச் சித்திரித்த நாட்டில், இவர்கள் சிந்தனையாளர்கள், இது இறையியல் என்று நிறுவியது. அந்த மரியாதையோடுதான் அடுத்ததைச் சொல்கிறேன்.

1988-இல் அவரும் தாமஸ் டௌசனும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். சன்னதத்தில் எந்த மனிதருக்கும் கண்ணுக்குள் வளைகோடு, கட்டம், புள்ளி தோன்றும். ஏனென்றால் நரம்பு மண்டலம் எல்லோருக்கும் ஒன்று. ஆகவே பிரான்சின் குகைகளில் உள்ள வளைகோடும் கட்டமும் புள்ளியும் சன்னதத்தில் கண்டவைதான். 1996-இல் ழான் க்லோத்தோடு சேர்ந்து முழு நூலாகவே அந்தக் குகைகளைச் சாமியாடிகளுடையதாக்கினார். ஆக, 1903-இல் அரண்டா மக்களை எடுத்துக் குகைக்குள் வைத்தார் ரைனாக். எண்பத்தைந்து வருஷம் கழித்து சான் மக்கள் போனார்கள். இந்த முறை மரியாதையாக, நரம்பியல் துணையோடு. ஆனால் போன இடம் ஒன்றே. ஐரோப்பாவின் தொடக்கத்தை விளக்க, பிடுங்கப்பட்ட மக்களின் நிகழ்காலம் பயன்படுகிறது. அவர்கள் தங்களுக்குள் வேறுபட்டது, மாறியது, தோற்றது, குதிரையேறியது எல்லாம் நரம்பு மண்டலத்தில் கரைந்துவிடுகிறது.

ஆன் சாலமன் 1990-களிலிருந்து இதை மறுத்து எழுதிவந்தார். கிங் இறந்தவர்கள் என்றால் இறந்தவர்கள்தான், அதை ஏன் உருவகமாக்க வேண்டும்? தொன்மமும் முன்னோர் ஆவிகளும் நிறைந்த உலகத்தை ஏன் ஒரே அனுபவத்துக்குள் சுருக்க வேண்டும்? இந்த விவாதத்தில் யார் கட்சி சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஒன்று மட்டும் உறைக்கிறது. கூட்டமே அழிந்துபோன ஒருவர் 1873-இல், அவர்கள் இறந்துபோனவர்கள் என்று சொல்கிறார். அந்த ஓவியங்கள் படுகொலையைக் காட்டுகின்றன என்று நான் சொல்லவரவில்லை, கிங்குக்கு முன்பே அவை அங்கே இருந்திருக்கலாம். ஆனால் அந்த வாயிலிருந்து அந்த வருஷத்தில் வருகிற 'இறந்தவர்கள்' என்ற சொல்லில் உருவகத்தை மட்டும் கேட்கிற காது எப்படிப்பட்ட காது? 1774-இல் கேப் காலனியின் ஒரே ஒரு கமாண்டோப் படையெடுப்பில் 500-க்கு மேற்பட்ட சான் மக்கள் கொல்லப்பட்டார்கள். அதற்குப்பின் ஒரு நூற்றாண்டு நடந்தது அந்த வேட்டை.

இதைப் பாறையே சொல்கிறது. டிராகன்ஸ்பெர்க் ஓவியங்களில் எலாண்ட் மட்டுமா இருக்கிறது? தொப்பி போட்டுத் துப்பாக்கி பிடித்துக் குதிரையில் போகிறவர்கள் இருக்கிறார்கள். மாடுகளை ஓட்டிக்கொண்டு போகிற கொள்ளைக் கூட்டம் இருக்கிறது. சான், கொய்கொய், பாண்டு மொழி பேசுவோர் என்று பல இனமும் கலந்த குதிரைக் கூட்டங்கள் 19-ஆம் நூற்றாண்டில் மலைகளுக்குள்ளிருந்து பண்ணைகளைத் தாக்கின, அவர்களும் வரைந்தார்கள். இதை வரலாற்றுக்கு முந்தைய ஓவியம் என்று எந்த வாயால் சொல்வது? யாருடைய வரலாற்றுக்கு முந்தையது? தென்னாப்பிரிக்க மண்ணில் காவிக்கட்டியில் கோடு கீறியது எழுபதாயிரம் வருஷத்துக்கு முன்னால், ப்ளோம்போஸ் குகையில். குதிரையை வரைந்தது நேற்று. இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்க வசதியாகத்தான் 'ஆதி' இருக்கிறது.

நாமும் லேசுப்பட்டவர்கள் அல்ல. விழுப்புரம் பக்கம் கீழ்வாலைப் பாறைகளில் செங்காவி ஓவியங்கள் இருக்கின்றன. குதிரைமேல் ஆள், பறவை முகம்போட்டதுபோல் உருவங்கள். அங்கே உள்ள சில குறிகள் சிந்துவெளி எழுத்தா இல்லையா என்பதில் நமக்கு இருந்த ஆர்வத்தில் பாதி அந்த உருவங்கள்மேல் இருந்ததில்லை. நமக்குத் தொன்மைச் சான்றிதழ் வேண்டும், அதற்குப் பாறை கையெழுத்துப் போடவேண்டும். இதே 'ஆதி' நம் மொழியில் வேறு வேலையும் பார்த்திருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். பறையர், பஞ்சமர் என்ற பெயர்களை மறுத்து ஆதிதிராவிடர் என்று தங்களை அழைத்துக்கொண்டவர்கள், 1922-இல் எம்.சி. ராஜாவின் முயற்சியில் சென்னை அரசையும் அப்படி அழைக்கவைத்தவர்கள், அந்தச் சொல்லை மண்ணின்மேல் உரிமைப் பத்திரமாகப் பிடித்தார்கள். தானே எடுத்துக்கொள்கிற ஆதி வேறு, அடுத்தவன் கழுத்தில் மாட்டுகிற ஆதி வேறு.

மாட்டியதன் விளைவு என்ன? கேப்டவுன் அருங்காட்சியகத்தில், 1907-லிருந்து உயிரோடிருந்த சான், கொய்கொய் மக்களின் உடம்பில் சாந்து பூசி வார்ப்பெடுத்த உருவங்களை வேட்டைக்காரக் காட்சியாக நிறுத்திவைத்திருந்தார்கள். திமிங்கிலமும் பறவையும் இருந்த அதே கட்டடத்தில். 2001-இல்தான் அந்தக் காட்சியை மூடினார்கள். 1917 வாக்கில் லிண்டன் என்ற பண்ணையிலிருந்து ஓவியத்தோடு பாறையையே வெட்டியெடுத்து அந்த அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். 2000 ஏப்ரல் 27-இல் புதிய தென்னாப்பிரிக்கா தன் அரசுச்சின்னத்தை வெளியிட்டபோது, அந்த லிண்டன் கல்லிலிருந்து ஓர் உருவத்தை எடுத்து, இரட்டித்து, ஒன்றையொன்று பார்க்க நிறுத்தினார்கள். கீழே வேறுபட்ட மக்கள் ஒன்றுசேர்கிறார்கள் என்ற பொருளில் க்ஸாம் மொழியில் ஒரு வாசகம். எழுதிக்கொடுத்தவர் லூயிஸ்-வில்லியம்ஸ். கப்போ பேசிய மொழி. இன்று அதைப் பேச ஒருவரும் இல்லை. நாட்டில் எந்த இனத்தாரும் இது எங்களுக்கு மட்டும் சொந்தம் என்று சண்டைக்கு வரமாட்டார்கள் என்பதால் அது பொதுவாயிற்று. வேறெந்த மொழியைத் தேர்ந்திருந்தாலும் தகராறு வந்திருக்கும். எனக்கு இதில் கோபம் வருகிறது. ஆனால் அந்த நாணயத்தை வைத்திருக்கிற கறுப்பினக் குழந்தைக்கு அந்த உருவம் ஒன்றுமே சொல்லாது என்றும் சொல்லமுடியவில்லை. இரண்டும் சேர்ந்துதான் கிடக்கிறது.

பக்கத்து போட்ஸ்வானாவில் இவ்வளவு குழப்பமில்லை. 2001-இல் அங்கே 4,500-க்கு மேற்பட்ட ஓவியங்களுள்ள ட்ஸோடிலோ மலைகள் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தன. அடுத்த வருஷம், 2002-இல், அதே அரசு மத்திய கலஹாரி வனக்காப்பிடத்தில் வாழ்ந்த சான் மக்களை லாரிகளில் ஏற்றி வெளியே கொண்டுபோய்விட்டது, அவர்கள் குடித்துவந்த ஆழ்துளைக் கிணற்றையும் அடைத்தது. 2006 டிசம்பரில் உயர்நீதிமன்றம் வெளியேற்றியது சட்டவிரோதம் என்றது. தண்ணீருக்காக மறுபடி வழக்குப் போட்டு, அது கிடைக்க 2011 ஆயிற்று. ஓவியம் மரபுச்செல்வம், வரைந்தவர்களின் வாரிசு வனவிலங்குகளுக்கு இடைஞ்சல்.

கடைசியாக இரண்டு பேர். 1930 வாக்கில் லெசோத்தோவில் மாபோட்டே என்ற முதியவரை வரைந்துகாட்டச் சொன்னார் மேரியன் ஹவ் என்ற பெண்மணி. மேலே சொன்ன மொரோசியின் மகன்களில் ஒருவர் அவர், பாதி சான் ரத்தமுள்ள மாற்றாந்தாய்ச் சகோதரர்களோடு குகையில் வரைந்து பழகியவர். குகையின் ஒரு பக்கம் சான் ஆட்கள், மறுபக்கம் இவர்கள். அவர் கேட்ட பொருள்கள்: மலையிலிருந்து தோண்டிய பளபளப்பான காவிக்கல். அதை ஒரு பெண், பௌர்ணமியன்று, வெளியில் நெருப்புமூட்டிச் செக்கச்செவேலென்று காய்ச்சிப் பிறகு அரைக்கவேண்டும். கலப்பதற்கு அப்போதுதான் கொன்ற எலாண்டின் ரத்தம். உறைந்துபோனால் கல்லுக்குள் இறங்காது. எலாண்ட் கிடைக்கவில்லை, மாட்டு ரத்தம் கொண்டுவந்தார்கள். நாணலில் இறகு செருகித் தூரிகை செய்துகொண்டார். இங்கே உள்ள சான் ஆட்கள் எலாண்டுக்குரியவர்கள், அதனால் எலாண்டிலிருந்து தொடங்குகிறேன் என்று சொல்லி வரைய ஆரம்பித்தார்.

இன்னொருவர் ஒரு மூதாட்டி. 1980-களில் டிரான்ஸ்கை பகுதியில் ஆய்வாளர்கள் அவரைச் சந்தித்தார்கள். மழை வரவைக்கிறவராக இருந்த சான் தகப்பனின் மகள். வண்ணத்தில் எலாண்ட் ரத்தம் இருக்கிறது, அதில் கைவைத்தால் சக்தி ஏறும் என்றார். ஓர் ஓவிய ஒதுக்குக்கு அழைத்துப்போனபோது, ஆடுகிறவர்கள் எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்று காட்ட, இரண்டு கையையும் உயர்த்திப் பாறையைப் பார்த்து நின்றார். அவரைப் பற்றி வந்த முதல் ஆய்வுக் கட்டுரைகளில் அவர் ஒற்றை எழுத்தாகத்தான் வருகிறார்.